குபா முற்றத்தில் எழுந்த வழக்கு

கணவனும் மனைவியும் பிரிந்தபின் பிள்ளை யாரிடம் வளர்வது என்ற கேள்வி நம் காலத்தில் தோன்றியதன்று. அபூபக்ர் (ரலி) அவர்கள் கலீஃபாவாக இருந்த காலத்திலேயே (கி.பி. 632–634) அது வழக்காக வந்தது. வழக்காடியவர், பின்னாளில் இரண்டாம் கலீஃபாவான உமர் (ரலி) அவர்கள்.

உமர் (ரலி) அவர்கள் அன்சாரிப் பெண் ஒருவரை மணந்திருந்தார்கள். ஆஸிம் என்ற மகன் பிறந்தபின் அம்மணவாழ்வு முறிந்தது. ஒருநாள் குபாவுக்குச் சென்றபோது, பள்ளிவாசல் முற்றத்தில் மகன் விளையாடிக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். பிள்ளையைத் தூக்கித் தம் வாகனத்தில் முன்னே அமர்த்திக்கொண்டார்கள். தாய்வழிப் பாட்டி விரைந்து வந்து தடுத்தார். இருவரும் கலீஃபாவிடம் சென்று, பிள்ளை தமக்கே உரியவன் என்றனர். அவனைப் பாட்டியிடமே விட்டுவிடுமாறு கலீஃபா தீர்ப்பளித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் மறுத்து ஒரு சொல்லும் பேசவில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தமது முவத்தாவில் இதனைப் பதிவு செய்துள்ளார்கள்.

இத்தீர்ப்பால் உமர் (ரலி) அவர்கள் தந்தை என்ற நிலையை இழந்துவிடவில்லை. வளர்க்கும் பொறுப்பாகிய ஹளானாவையும், தந்தைக்குரிய விலாயத்தையும் ஃபிக்ஹு அறிஞர்கள் வேறு வேறாகவே வகுத்தனர். பிள்ளை தாயிடம் வளர்ந்தாலும் அதற்குச் செலவழிப்பது தந்தையின் கடமை. சிறு பிள்ளையை வளர்ப்பதில் தாய்க்கு முதலுரிமையும், அடுத்துத் தாய்வழிப் பாட்டிக்கு உரிமையும் உண்டு. ஹனஃபி மத்ஹபில் ஆண்பிள்ளைக்கு ஏறத்தாழ ஏழு வயதுவரை இந்நிலை நீடிக்கும். ஷாஃபிஈ மத்ஹபில், விவரமறியும் வயதை அடைந்த பிள்ளை, தாய் தந்தையருள் ஒருவரைத் தானே தேர்ந்தெடுக்கலாம். அறிஞர்கள் வேறுபட்டது வயதிலும் முறையிலுமே. பிள்ளையின் நலனே அனைவருக்கும் அளவுகோல்.

இன்று நம் ஜமாஅத்துகளில் தலாக் பஞ்சாயத்து நடக்கும்போது, மஹரையும் நகையையும் போலப் பிள்ளையையும் பேரப்பொருளாக்குவதைக் காண்கிறோம். நகையைத் திருப்பித் தந்தால்தான் பிள்ளையைக் காட்டுவோம் என்கிறது ஒரு தரப்பு. பணம் தந்தால்தான் பார்க்கலாம் என்கிறது மறு தரப்பு. பெரியவர்களின் கோபம் தணியும் முன்னர் பிள்ளையின் குழந்தைப் பருவமே கழிந்துவிடுகிறது.

குபாவில் தோற்றவர் என்று உமர் (ரலி) அவர்களை வரலாறு கூறவில்லை. மகனின் நலனுக்காகத் தம் உரிமைக் குரலை அடக்கிய தந்தையாகவே அவர்களைக் காண்கிறோம். அந்த ஆஸிமின் மகள் வயிற்றுப் பேரரே, நீதிக்குப் பெயர்பெற்ற கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள். பிரிந்து நிற்கும் பெற்றோர் இருவரும், நம் ஜமாஅத் பெரியவர்களும், அந்த மௌனத்தை ஒருமுறை நினைத்துப் பார்ப்போமாக.