கைத்துப்பாக்கி ஆசானும் அவன் தேர்ந்த ஆயுதமும்

புதுச்சேரியிலிருந்து புறப்பட்டுத் திண்டிவனம், செஞ்சி ஆகிய ஊர்களைக் கடந்து திருவண்ணாமலை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், அண்ணாமலையாரின் மலை மேற்றிசையில் முழுவுருவம் காட்டத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது எங்கள் கீழ்பென்னாத்தூர். 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் செஞ்சிக் கோட்டையைப் பிடித்ததும், 1761-இல் புதுச்சேரி வீழ்ந்த பிறகு அதே கோட்டை ஆங்கிலேயர் வசமானதும் எங்களுக்குக் கிழக்கே; 1767 செப்டம்பரில் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் சேனை ஹைதர் அலியும் நிஜாமும் கூட்டிவந்த பெரும்படையைச் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் எதிர்த்து நின்றது எங்களுக்கு மேற்கே. இடையில் கிடந்த கிராமங்கள் வெடிமருந்தின் வாசனையை அறியாதிருந்திருக்க முடியாது. ஆனால் அக்காலத்துப் படைகள் சுமந்துவந்தவை பெரும்பாலும் தோளில் சாத்திச் சுடும் நீண்ட துப்பாக்கிகள். உள்ளங்கையில் அடங்கும் துப்பாக்கியைச் சாமானியன் கண்ணால் காண்பதற்கும், அதைக் கற்பிக்கும் ஆசான் ஒருவன் தமிழ்நாட்டில் தோன்றுவதற்கும் வெகுகாலம் சென்றது.

நீண்ட துப்பாக்கிக்கு எங்கள் பக்கத்தில் குருபரம்பரை என்றே சொல்லத்தக்க ஒன்று இருந்தது. சவ்வாது மலையின் கிராமங்களிலும், ஊர்ஊராகச் சென்று காடை, கௌதாரி பிடித்து வாழ்ந்த நரிக்குறவர்களிடத்திலும், குழலின் வாய் வழியே மருந்தைக் கெட்டித்து, நார்ப்பஞ்சு வைத்து இடித்து, ரவையை இட்டுச் சுடும் நாட்டுத் துப்பாக்கி தந்தையிடமிருந்து மகனுக்குப் பாடத்தோடு சேர்ந்தே கைமாறியது. காட்டுப்பன்றியிடமிருந்து மணிலாப் பயிரைக் காக்கவென்று லைசென்ஸ் பெற்ற விவசாயிகளின் வீட்டில் ஒற்றைக் குழலோ இரட்டைக் குழலோ இருக்கும். தேர்தல் அறிவிப்பு வந்தவுடன் அவற்றைத் துணியில் சுற்றிப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவதும், முடிவு வெளியான பிறகு மீட்டு வருவதும் இன்றும் கிராமத்துக் காரியங்களில் ஒன்று. இந்த ஒப்படைப்பு வரிசையில் ரிவால்வரைக் காண்பது அபூர்வம். அந்த அபூர்வத்துக்கு ஒரு சட்டத்தின் சரித்திரம் இருக்கிறது.

சாமுவேல் கோல்ட் என்ற அமெரிக்கர் 1836-இல் தம் தேசத்தில் உரிமை பெற்ற சுழல்துப்பாக்கி, 1851-ஆம் ஆண்டு லண்டன் மகா கண்காட்சியில் ஆங்கிலேய ஆடம்ஸின் ஆயுதத்தோடு போட்டியிட்டுப் புகழ் பெற்றது. 1857 கலகத்தின்போது கம்பெனி அதிகாரிகள் பலரின் இடுப்பில் இவ்விருவகையும் இருந்தன. 1887-இல் பர்மிங்ஹாம் நகரத்து வெப்லி கம்பெனியின் ரிவால்வர் பிரிட்டிஷ் ராணுவத்தின் அதிகாரபூர்வமான ஆயுதமாயிற்று. ஆனால் அதற்கு ஒன்பதாண்டுகளுக்கு முன்பே, 1878-இல், லிட்டன் பிரபுவின் அரசாங்கம் இயற்றிய ஆயுதச் சட்டம், லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை இந்தியனிடமிருந்து பறித்து, ஐரோப்பியனுக்கு மட்டும் விலக்கு அளித்திருந்தது. குடகு நாட்டவர் போன்ற சிலருக்குத் தனிச் சலுகை கிடைத்ததேயன்றி, தமிழ்நாட்டாருக்கு அதில் பங்கில்லை. 1887 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையில் இளைஞரான விபின் சந்திர பாலர் எழுந்து இச்சட்டத்தைக் கண்டித்து முழங்கியது, துப்பாக்கியின்மேல் கொண்ட மோகத்தினால் அன்று. தன் தேசத்தில் தான் நம்பத்தகாதவன் என்று எழுதிவைக்கப்பட்ட அவமானம் அவர் நெஞ்சைச் சுட்டது. நான் இச்சட்டத்தை நினைக்கும்போதெல்லாம் அதன் இன்னொரு விளைவை எண்ணி வருந்துகிறேன்: ஆயுதம் மறுக்கப்பட்ட இடத்தில் ஆயுதத்தைப் பற்றிய அறிவும் நிதானமும் கூட மறுக்கப்பட்டன. கற்பிப்பவன் இல்லாமற்போனான்.

சட்டத்துக்கு உட்பட்டுக் கற்பித்தல் நடந்த இடம் பெரும்பாலும் போலீஸ் மைதானமே. எங்கள் பகுதிக்கு ஜில்லாத் தலைநகராக நெடுங்காலம் விளங்கிய வேலூரில் போலீசாரைப் பயிற்றும் பள்ளி இருந்தது. கான்ஸ்டபிளுக்கு லத்தியும், கூட்டத்தைக் கலைக்க .410 மஸ்கட்டும், இன்ஸ்பெக்டருக்கும் அவருக்கு மேற்பட்டவர்களுக்கும் இடுப்பில் ரிவால்வர், இதுவே பொதுவான பிரிவினை. அந்த ரிவால்வர் பெரும்பாலும் வெப்லியாகவோ, 1932-இல் ராணுவம் ஏற்ற என்ஃபீல்டாகவோ இருக்கும். இரண்டும் ஒரே அமைப்பு: பின்புறத்து நெம்புகோலை விரலால் அழுத்தினால் குழல் முன்னால் மடிந்து கவிழும், கவிழும்போதே வெடித்த கூடுகள் ஆறும் ஒருசேர உந்தப்பட்டுக் கீழே விழும், உருளையின் ஆறு அறைகளும் வெளிச்சத்துக்கு வரும். துப்பாக்கி காலியா, நிறைந்ததா என்ற கேள்விக்கு இவ்வளவு பகிரங்கமாக விடை சொல்லும் கைத்துப்பாக்கி வேறில்லை.

ஆசான்கள் ரிவால்வரைப் போற்றியதற்கு இந்த வெளிப்படைத்தன்மை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், மாணாக்கனின் குற்றத்தை அது மறைப்பதில்லை. கட்டைவிரலால் குதிரையை இழுத்து நிறுத்திச் சுட்டால் விசை இலேசாக விழும். நிறுத்தாமல் விசையை மட்டுமே இழுத்துச் சுடும்போதோ, அந்த ஒரே இழுப்பில் உருளை சுழன்று, குதிரை பின்வாங்கி, உச்சிக்குச் சென்று விழ வேண்டியிருப்பதால், ஐந்து கிலோவுக்குக் குறையாத பாரத்தை ஒற்றை விரல் சீராக இழுத்தாக வேண்டும். மணிக்கட்டு தளர்ந்தாலும் குறி விலகும். பயிற்சி மைதானங்களில் வழங்கும் பழைய உபாயம் ஒன்று உண்டு. மாணாக்கனை அப்பால் திரும்பி நிற்கச் செய்து, ஆறு அறைகளில் மூன்றிலோ நான்கிலோ மட்டும் நல்ல தோட்டாவை இட்டு, மற்றவற்றில் வெடித்த கூடுகளை இட்டு, உருளையைச் சுழற்றி மூடி அவன் கையில் ஆசான் கொடுப்பார். எந்த அறை வெடிக்கும், எது வெடிக்காது என்று அவனுக்குத் தெரியாது. குதிரை வெற்றுக் கூட்டின்மேல் விழும்போது, வெடிக்கப்போகிறதென்று எதிர்பார்த்துப் பயந்த கை குழலின் முனையைச் சட்டென்று கீழே இடிக்கும். சத்தமும் உதைப்பும் இல்லாத அந்த ஒரு கணத்தில் அவன் குற்றம் அவன் கண்ணுக்கே அப்பட்டமாகத் தெரியும். அதன்பின் ஆசான் அதிகம் பேச வேண்டியதில்லை. தோட்டாக்கள் பிடிக்குள் மறைந்து வரிசையாக ஏறும் பிஸ்டலில் இதே சோதனையைச் செய்யலாமாயினும், ஒவ்வொரு போலித் தோட்டாவுக்குப் பிறகும் மேற்பகுதியைக் கையால் இழுத்துவிட வேண்டியிருப்பதால் பாடத்தின் ஓட்டம் அறுபடும்.

இனி, சட்டத்துக்கு அப்பாற்பட்ட மற்றொரு பள்ளிக்கு வருவோம். அது புதுச்சேரியை அடுத்த கரடிக்குப்பம். ஆசான், வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர். திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் 1881-இல் பிறந்து, ரங்கூனில் வக்கீல் தொழில் பார்த்து, பாரிஸ்டர் ஆவதற்காக லண்டன் சென்ற ஐயர், அங்கே இந்தியா விடுதியில் சாவர்க்கரோடு சேர்ந்து வேறொரு கல்வியில் இறங்கினார். லண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடில் கட்டணம் செலுத்தி எவரும் சுட்டுப் பழகக்கூடிய கூடம் ஒன்று இருந்தது. 1909 ஜூலை 1-ஆம் தேதி ஆங்கிலேய அதிகாரி கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்ற மதன்லால் திங்கரா அங்கேதான் பழகியிருந்தான் என்பது விசாரணையில் வெளிப்பட்டது. இந்தியன் ஒருவன் தன் தாயகத்தில் தொடமுடியாத ஆயுதத்தை, தன்னை ஆள்பவர்களின் தலைநகரத்திலேயே பகிரங்கமாகப் பழகினான் என்பதில் அந்தச் சட்டத்தின் அநீதி முழுவதும் அடங்கியிருக்கிறது. 1910-இல் சீக்கியர் வேஷம் பூண்டு போலீசாரின் கண்ணுக்குத் தப்பி, பெட்டியில் பொறித்திருந்த முதலெழுத்துகள் வீர விக்ரம சிங் என்பதன் சுருக்கம் எனச் சொல்லிச் சமாளித்து, பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரியை அடைந்தார் ஐயர். பாரதியாரும் அரவிந்தரும் முன்னரே அங்கே இருந்தனர். பிரிட்டிஷ் ஆயுதச் சட்டத்தின் கை அந்த எல்லைக்குள் எட்டாது.

திருவிதாங்கூரைச் சேர்ந்த புனலூரில் காட்டிலாகா உத்தியோகத்திலிருந்த செங்கோட்டை வாஞ்சிநாதன் 1911-இன் தொடக்கத்தில் விடுப்பெடுத்துப் புதுச்சேரி வந்ததையும், கரடிக்குப்பத்தில் ஐயரிடம் குறிபார்த்துச் சுடப் பயின்றதையும் ஐயரின் சரிதத்தை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ஜங்ஷனில், மனைவியோடு கொடைக்கானலுக்குப் புறப்பட்டு ரயில் பெட்டியில் அமர்ந்திருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சி சுட்டான். பிளாட்பாரத்துக் கழிவறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டான். வயது இருபத்தைந்து. கணவன் கண்ணெதிரே வீழ்வதைக் கண்ட அந்த மாதின் துயரத்தையும், செங்கோட்டையில் தனித்து விடப்பட்ட வாஞ்சியின் இளம் மனைவியின் துயரத்தையும் ஒருங்கே நினையாமல் இந்த நிகழ்ச்சியை என்னால் எழுத முடியவில்லை.

வாஞ்சியின் கையிலிருந்தது ரிவால்வர் அன்று. பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் தானியங்கிப் பிஸ்டல். 1909-இல் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானியப் பிரபு இட்டோவை ஆன் சுங்-குன் என்ற கொரிய வீரன் சுட்டதும், அதே ஆண்டு டிசம்பரில் நாசிக் கலெக்டர் ஜாக்சன் சுடப்பட்டதும் பிரௌனிங்கினால்தான். தட்டையான உருவம், சட்டைக்குள் ஒளித்தால் புடைப்புத் தெரியாது, ஏழு தோட்டா, மிக அருகில் நின்று சுடுபவனுக்குத் தூரத்துக் குறி பற்றிய கவலை இல்லை. அந்தக் காரியத்துக்கு அந்த ஆயுதம் பொருந்தியது. ஆனால் ஒரு காரியத்துக்காகத் தேர்ந்த ஆயுதமும், பலரைப் பயிற்றுவதற்காகத் தேர்ந்த ஆயுதமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதையே நான் வலியுறுத்த விரும்புகிறேன். ஐயர் சுபாவத்தில் ஆசான். 1920-இல் மன்னிப்பு அறிவிப்புக்குப் பிறகு பிரிட்டிஷ் இந்தியாவுக்குத் திரும்பியதும் அவர் மனம் ஆயுதத்தை விட்டுச் சேரன்மாதேவியில் குருகுலம் நடத்துவதில் சென்றது. அக்குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களைத் தனியே உண்ணவைத்ததால் மூண்ட பெருஞ்சர்ச்சை அவர் பெயரில் படிந்த மாசு. 1925-இல் பாபநாசத்து அருவியில் தவறி விழுந்த மகள் சுபத்திரையைக் காப்பாற்றப் பாய்ந்து மாண்டார்.

சுதந்திரத்துக்குப் பின் 1951-இல் மவலங்கரின் தலைமையில் தேசிய ரைபிள் சங்கம் உருவாயிற்று. 1959-இல் புதிய ஆயுதச் சட்டம் பழையதை நீக்கியது. நிறபேதம் ஒழிந்தது, கட்டுப்பாடு நீங்கவில்லை. ராணுவமும் போலீசும் கையாளும் .38, 9 மில்லிமீட்டர் ஆகிய விட்டங்கள் பிரஜைக்குத் தடையானவை. அரசாங்கத் தொழிற்சாலையின் தோட்டா கலகக்காரன் துப்பாக்கிக்குள் பொருந்தக்கூடாது என்று 1907-இல் .450 விட்டத்துத் தோட்டாக்கள் இந்தியாவுக்குள் வருவதைத் தடுத்தார்களே, அந்த எண்ணத்தின் தொடர்ச்சியே இது. ஆகவே இந்தியப் பிரஜைக்குக் கிடைத்த ரிவால்வர் .32 விட்டம் கொண்டது. கான்பூர் அரசுத் தொழிற்சாலை செய்த .32, பழைய வெப்லியைப் போலவே மடிந்து திறப்பது. தடையின் பயனாக நேர்ந்த ஓர் அனுகூலம் என்னவெனில், சர்வதேச சென்டர்ஃபயர் பிஸ்டல் போட்டியில் 7.62 முதல் 9.65 மில்லிமீட்டர் வரை அனுமதி உண்டாயினும், உலகத்து வீரர்கள் பெரும்பாலும் விரும்பி எடுப்பது இதே .32 நீளத் தோட்டாவைத்தான். 25 மீட்டர் தூரத்து அந்தப் போட்டியில் 1994-இல் ஹிரோஷிமாவில் ஜஸ்பால் ராணா ஆசியத் தங்கம் வென்றார்.

2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், லைசென்ஸ் கேட்பவன் ஆயுதத்தைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சி பெற்றதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும் என்கின்றன. 1878-இல் கற்பிப்பவனையே இல்லாமற்செய்த அரசாங்கத்தின் இடத்தில் வந்த அரசாங்கம், 138 ஆண்டுகளுக்குப் பின் கற்பிப்பவனைத் தேடுகிறது. அந்தப் பயிற்றுநனைத் தேர்ந்தெடுப்பது எப்படி? 1871-இல் தோன்றிய அமெரிக்கத் தேசிய ரைபிள் சங்கம், கைத்துப்பாக்கி ஆசிரியனாக விரும்புபவன் முதலில் தானே சுட்டுத் தேறவேண்டும் என்கிறது. நம் மாநிலப் போலீஸ் படைகள் இந்தூரில் உள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பள்ளிக்கு ஆட்களை அனுப்பிப் பயிற்றுநராக்குகின்றன. இத்தகைய பரீட்சைக்குச் செல்பவன் எந்த ஆயுதத்தை எடுத்துச் செல்வது என்ற கேள்விக்கு, அதிக மதிப்பெண் தரும் ஆயுதத்தை என்று விடை சொல்வது சுலபம்: கனத்த குழலும் இலேசான விசையும் கொண்ட போட்டி ஆயுதத்தை எடுத்தால் ஆயிரம் கிராம் இழுப்பில் தோட்டா புறப்படும். என் அபிப்பிராயம் வேறு. நாளைக்குத் தன் மாணாக்கன் கையில் எதைக் கொடுக்கப்போகிறானோ அதையே அவன் எடுத்துச் செல்லட்டும்: நான்கு அங்குலக் குழல் உள்ள, அசையாத குறிமுனை கொண்ட, விசை திருத்தப்படாத சாதாரண .32 ரிவால்வர். முதல் மூன்று தோட்டாவைக் குதிரை நிறுத்தியும், அடுத்த மூன்றை நிறுத்தாமல் இழுத்தும் அவன் சுடட்டும். இரண்டு கூட்டமும் தாளில் ஓரிடத்திலேயே விழுந்தால் அவனைத் தேர்ந்தவனாக அறிவிக்கலாம். இரண்டாவது கூட்டம் கீழே விழுந்தால், போய்ப் பழகிவிட்டு அடுத்த முறை வரச் சொல்ல வேண்டும்.