ஜீவாளி

தம்புராவின் குதிரைக்கும் தந்திக்கும் இடையே செருகும் நூல்தான் ஜீவாளி. அதனால் பிறக்கும் ரீங்காரத்துக்கும் அதே பெயர். உயிரைக் குறிக்கும் ‘ஜீவ’ என்னும் வடசொல்லோடு சேர்த்தே இதை விளக்குவார்கள்; வடக்கே ஜவாரி. இவ்வளவு பொருத்தமான பெயர் வேறெந்த வாத்திய உறுப்புக்கும் இல்லை என்பேன். தஞ்சாவூரில் பலாமரத்தில் செய்யும் தம்புராவில் அந்த நூலை மயிரிழை நகர்த்தினால் போதும், நாதம் மலரும். அதிரும் தந்தி குதிரையின் வளைந்த பரப்பில் மீண்டும் மீண்டும் மோதுவதே காரணம். மீட்டும் இடத்தால் அடங்கிப்போக வேண்டிய மேற்சுரங்களும் இதில் ஒலிப்பதை 1921-இல் சி.வி. ராமன் எழுதினார். இன்று அந்த மோதலைக் கணினியில், நொடியைப் பல்லாயிரம் துண்டுகளாக்கிக் கணக்கிடுகிறார்கள். ஒவ்வொரு மோதலிலும் ஆற்றல் கணக்கு நேராக வேண்டும். பிசகினால் இல்லாத ஒலி பெருகிக் கணக்கே சிதறிவிடும்.