லீவரை இழுத்த கை: தோட்டா பிரஸ்ஸுக்கு மோட்டார் வந்த கதை

 

இன்னிக்கு எபிசோட்டை எங்க வீட்டுத் தையல் மெஷின்ல இருந்து ஆரம்பிக்கிறேன். கால்ல மிதிக்கிற பழைய மெஷின். ஒரு தீபாவளிக்கு முன்னாடி அம்மா அதுக்கு ஒரு சின்ன மோட்டார் மாட்டினாங்க. முதல் வாரத்துலயே மூணு ஊசி உடைஞ்சுது. ஏன்மான்னு கேட்டேன். "மிதிக்கறப்போ துணி எங்க கனமா இருக்குன்னு காலுக்கே தெரியும். இந்த மோட்டாருக்கு ஒண்ணும் தெரியல"ன்னாங்க.

அந்த வார்த்தை எனக்கு ரொம்ப நாள் கழிச்சு, சம்பந்தமே இல்லாத ஒரு இடத்துல ஞாபகம் வந்துச்சு. அமெரிக்காவுல வீட்டு கராஜ்ல உட்கார்ந்து, சுட்ட தோட்டாவை மறுபடி நிரப்புற ஆட்களோட வரலாறைப் படிச்சுக்கிட்டு இருந்தேன். அவங்களும் கையால இழுக்குற ஒரு பிரஸ்ஸுக்கு மோட்டார் மாட்டினாங்க. அவங்களுக்கும் இதே பிரச்சினை. ஆனா அங்க உடையறது ஊசி இல்ல.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். நம்ம நாட்டுல 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாம தோட்டா தயாரிக்க முடியாது. அமெரிக்காவுல சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கறது சாதாரண பொழுதுபோக்கு. எப்படிச் செய்யறதுன்னு நான் சொல்லப் போறதில்ல. அது எங்கிருந்து எங்க வந்துச்சுன்னு பார்க்கப் போறோம்.

கோலி சோடா பாட்டில்

ஒரு தோட்டாவுல நாலே நாலு பொருள்தான். வெளியே பித்தளைக் கூடு. அதோட அடியில பிரைமர்ங்கிற ஒரு குட்டிக் கிண்ணம். அடி பட்டா தீப்பொறி விடும். கூட்டுக்குள்ள மருந்து. வாயில செருகின குண்டு.

சுட்டதும் குண்டு போயிடும், மருந்து எரிஞ்சிடும், பிரைமர் செத்துடும். பித்தளைக் கூடு மட்டும் அப்படியே கீழ விழும். நாலுல விலை அதிகமான பொருள் பெரும்பாலும் அதுதான். கோலி சோடா பாட்டில் மாதிரி. பாட்டில் கையில இருக்குன்னா, திருப்பி நிரப்பிக்கலாம்னு யாருக்கும் தோணும்தானே?

1870களில் அமெரிக்கச் சமவெளிகளில் காட்டெருமை வேட்டைக்காரர்களுக்கு அது தோன்றியது. உலோகக் கூடு போட்ட தோட்டா அப்போதுதான் பரவ ஆரம்பித்திருந்தது. கடை பல நாள் தூரம். பகலெல்லாம் சுட்டுவிட்டு, ராத்திரி முகாம் நெருப்பில் ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றுவார்கள், காலிக் கூடுகளைத் திரும்ப நிரப்புவார்கள். அந்த வேட்டை எருமைக் கூட்டங்களையே கிட்டத்தட்ட அழித்தது. அதை நம்பி வாழ்ந்த பூர்வகுடிகளையும் நசுக்கியது. இந்தப் பொழுதுபோக்கின் வேர்ல அதுவும் இருக்கு. அதை விட்டுட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

இங்க ஒரு வேடிக்கையும் இருக்கு. பிரைமர்ல ரெண்டு வகை. ஹைரம் பெர்டான்னு ஒரு அமெரிக்கர் ஒண்ணைக் கண்டுபிடிச்சார். எட்வர்ட் பாக்ஸர்னு ஒரு ஆங்கிலேய ராணுவ அதிகாரி இன்னொண்ணு. ரெண்டுமே 1860களில் வந்தவை. அமெரிக்கரோட பிரைமர் ஐரோப்பாவுல நிலைச்சது, ஆங்கிலேயரோட பிரைமர் அமெரிக்காவுல நிலைச்சது. பாக்ஸர் வகையில கூட்டோட அடியில நடுவுல ஒரே ஒரு துளை. ஒரு ஊசியை விட்டுத் தள்ளினா பழைய பிரைமர் வெளிய வந்துடும். பெர்டான் வகையில நடுவுல துளையே கிடையாது, ஓரமா சின்னச் சின்னத் துளைகள்தான். ஊசி வேலைக்கு ஆகாது. மறுநிரப்பல் அமெரிக்காவுல இவ்வளவு பெரிய பழக்கமா வளர்ந்ததுக்கு, நடுவுல இருக்கிற அந்த ஒரு துளையும் ஒரு காரணம்.

பாக்குவெட்டியிலிருந்து பிரஸ்ஸுக்கு

1884-ல் ஜான் பார்லோ என்பவர் கனெக்டிகட் மாநிலத்தில் ஐடியல் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் விற்ற கருவியைப் பார்த்தீங்கன்னா பாட்டியோட பாக்குவெட்டி ஞாபகம் வரும். ரெண்டு கைப்பிடி, நடுவுல ஒரு கீல். சட்டைப் பையில போட்டுக்கிட்டுக் காட்டுக்குப் போகலாம். 1925-ல் அந்தத் தொழிலை லைமன் என்ற நிறுவனம் வாங்கியது. இந்தப் பெயரை ஞாபகத்துல வெச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வரும்.

அடுத்து, ரெண்டாம் உலகப் போர். பித்தளையும் ஈயமும் ராணுவத்துக்குப் போயிடுச்சு, கடையில குண்டு கிடைக்கல. கலிஃபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊர். அப்பா நடத்திய சலவைக் கடையின் பின்பக்கத்தில் ஃப்ரெட் ஹண்டிங்டன் என்பவர் 1943-ல் குண்டு செய்யும் அச்சு ஒன்றை உருவாக்கினார். ராக் சக் என்பது பாறை இடுக்கில் வாழும் ஒரு வகை மர்மோட். அதை வேட்டையாடப் பயன்பட்ட குண்டு என்பதால் 'ராக் சக் புல்லட் ஸ்வேஜ்' என்று பெயர். அதன் நாலு முதல் எழுத்துகள்தான் இன்று உலகம் முழுக்கத் தெரிந்த ஆர்சிபிஎஸ்.

போர் முடிஞ்சதும் தலைகீழ். மருந்து மலையா மிஞ்சிடுச்சு. கேன்சஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் ராணுவ உபரி மருந்தை மொத்தமா வாங்கி, ஒரு ரயில் பெட்டியில வெச்சு, பொதுமக்களுக்கு விற்க ஆரம்பிச்சார். மருந்து மலிவு. போர்லேர்ந்து திரும்பின லட்சக்கணக்கான பேருக்குத் துப்பாக்கி பழகின கை. வீட்டுக்கு வீடு கராஜ். மறுநிரப்பல் ஒரு மக்கள் பொழுதுபோக்கா ஆனது அப்போதான்.

அந்த கராஜ்ல நின்னதுதான் பிரஸ். மேஜையில போல்ட் போட்டு இறுக்கின ஒரு இரும்புச் சட்டம், பக்கத்துல ஒரு நீள லீவர். இழுத்தா கூடு மேல ஏறி அச்சுக்குள்ள போகும். தளர்ந்து விரிஞ்ச கூடு பழைய அளவுக்கு வரும், பழைய பிரைமர் வெளிய விழும். அச்சை மாத்தி அடுத்த வேலை. மணிக்கு ஐம்பது, அறுபது தோட்டா செஞ்சா பெரிய விஷயம்.

கைக்கு என்ன தெரியும்?

வருஷக்கணக்கா லீவர் இழுத்தவங்ககிட்ட கேட்டா, எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்றாங்க. கைக்குத் தெரியும். கூட்டுக்குள்ள ஒரு கல் மாட்டியிருந்தா லீவர் பாதியில நின்னுடும். கூட்டுல விரிசல் இருந்தா வழக்கத்தைவிட லேசா இறங்கும். பிரைமர் கோணலா உட்கார்ந்தா ஒரு சின்ன நெருடல். ராணுவத் தோட்டாவுல பிரைமர் கழண்டு வராம இருக்க விளிம்பை நசுக்கி வெச்சிருப்பாங்க. அப்படி ஒரு கூடு கலந்து வந்துட்டா, புது பிரைமர் உள்ள போகவே போகாது. கை உடனே நிறுத்தும். யோசிச்சு நிறுத்தறதில்ல, தானா நிக்கும்.

இது ஏன் முக்கியம்? பிரைமர் நசுங்கினா வெடிக்கும். பெரிய பிரஸ்ல ஒரு குழாய்க்குள்ள நூறு பிரைமரை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வெச்சிருப்பாங்க. ஒண்ணு வெடிச்சா சரசரன்னு மொத்தமும் போயிடலாம். அதனாலதான் அந்தக் குழாயைச் சுத்தி ஒரு தடிமனான இரும்புக் குழாய் கவசமா இருக்கும். இன்னொரு ஆபத்து மருந்து. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு மருந்து ரொம்பக் கொஞ்சம், கூட்டோட அடியிலதான் கிடக்கும். தவறுதலா ரெண்டு தடவை விழுந்தாலும் கூடு நிரம்பி வழியாது, சட்டுனு கண்ணுல படாது. சுடும்போது துப்பாக்கியே சிதறலாம். மருந்தே விழலைன்னா குண்டு குழல்ல பாதி வழியில நின்னுடும், அடுத்து சுடறவருக்கு அதே கதி.

வேகம்

ஆனா வேகத்துக்கு ஆசைப்படாத மனுஷன் யார்? 1930களிலேயே சான் டியாகோவில் ஸ்டார் என்ற இயந்திரம் வந்துவிட்டது. வட்டத் தட்டில் கூடுகள் நிற்கும். லீவரை ஒரு தடவை இழுத்தால் ஒவ்வொரு கூட்டுக்கும் ஒவ்வொரு வேலை நடக்கும், இழுப்புக்கு ஒரு தோட்டா வெளியே விழும். பயிற்சிக்கு நிறைய சுட வேண்டிய போலீஸ் துறைகள் அதை வாங்கின. அரிசோனாவில் விமான ஊழியரான மைக் டில்லன், ஸ்டார் இயந்திரத்தை ரைஃபிள் தோட்டாவுக்கு மாற்றும் உதிரிகள் செய்வதில் ஆரம்பித்தார். பிறகு சொந்த இயந்திரங்களை விற்றார். 1980களில் சாதாரண ஆளின் கராஜிலும் மணிக்கு நானூறு, ஐநூறு தோட்டா சாத்தியமானது. பெரிய மாடலில் ஆயிரம்.

ஆயிரம் தோட்டான்னா ஆயிரம் தடவை லீவர் இழுக்கணும். போட்டிக்குச் சுடறவங்களுக்கு வருஷத்துக்குப் பல ஆயிரம் வேணும். தோள்பட்டை வலிச்சா மனுஷன் என்ன பண்ணுவான்? எங்க அம்மா பண்ணினதைத்தான். மோட்டார் மாட்டினாங்க. முதல்ல வீட்டுல கிடைச்ச மோட்டாரும் கியரும் வெச்சு அவங்கவங்களே. அப்புறம் நிறுவனங்கள் ரெடிமேடா விற்க ஆரம்பிச்சாங்க.

லீவர் இருந்த இடத்துல மோட்டார் வந்ததும், 'தெரிஞ்ச' கை போயிடுச்சு. கூட்டுல கல் இருந்தாலும் மோட்டார் அமுக்கும். கோணலான பிரைமரையும் அதே பலத்தோட அமுக்கும்.

ரிச்மண்ட், 1863

இதுவரைக்கும் கேட்டா, 'கைதான் உசத்தி, மோட்டார் மோசம்'னு நான் முடிக்கப் போறேன்னு தோணும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, பிரவுன்ஸ் தீவைப் பத்திப் படிக்கிற வரைக்கும்.

அமெரிக்க உள்நாட்டுப் போர். ரிச்மண்ட் நகரம், ஜேம்ஸ் ஆற்றில் ஒரு சின்னத் தீவு. தெற்குப் படைகளின் தோட்டாக் கூடம் அங்கே இருந்தது. எல்லாம் கை வேலை. ஆண்கள் போர்முனையில் இருந்ததால் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், சிறுமிகள். ஏழைக் குடும்பங்கள்.

1863 மார்ச் 13, வெள்ளிக்கிழமை. மேரி ரயன் என்ற பதினெட்டு வயதுப் பெண், பீரங்கியைப் பற்ற வைக்கும் உராய்வு பிரைமர்களோடு வேலை செய்துகொண்டிருந்தார். பலகையில் ஒரு பிரைமர் சிக்கிக்கொண்டது. அதை விடுவிக்கப் பலகையை மேஜையில் தட்டினார். வெடித்தது. அடுத்த கணம் அறையே வெடித்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேரி ரயனும் சில நாளில் இறந்தார். தட்டியதைச் சாவதற்கு முன் அவரே சொன்னார்.

அங்க மோட்டார் இல்ல. இருந்தது கை மட்டும்தான். பழகின கை.

அப்போ தப்பு கையோடதா? ஒரு பிரைமரைத் தட்டினா ஒரு பிரைமர் வெடிக்கும். அறை ஏன் வெடிச்சுது? அதே அறையில பழைய தோட்டாக்களைப் பிரிச்சு மருந்தை மீட்கிற வேலையும் நடந்துக்கிட்டு இருந்துச்சு. பிரைமர் ஒரு பக்கம், திறந்த மருந்து இன்னொரு பக்கம், நடுவுல கூட்டமா சிறுமிகள். அந்த ஏற்பாட்டைச் செஞ்சது மேரி இல்ல. ஆனா கதையில நிக்கிற பேரு மேரியோடது.

நம்மளும் சிவகாசிப் பக்கத்துச் செய்திகள்ல 'உராய்வு காரணமாக வெடிவிபத்து'ன்னு எத்தனை தடவை படிச்சிருக்கோம். உராய்வுன்னா யாரோ ஒரு தொழிலாளியோட கை. அந்த அறையில எத்தனை பேர் இருந்தாங்க, எவ்வளவு மருந்து இருந்துச்சுங்கிறது செய்தியோட கடைசி வரியில வரும். சில நேரம் வராது.

திரும்பக் கிடைத்த 'தெரியும்'

கராஜ் ஆட்கள் இதை ஒரு விதியாவே வெச்சிருக்காங்க. மேஜையில எப்பவும் ஒரே ஒரு மருந்து டப்பா. மிச்சமெல்லாம் வேற இடத்துல. கை தப்பு பண்ணும்னு முதல்லயே ஒத்துக்கிட்டு, அந்தத் தப்பு பெருசாகாதபடி இடத்தை ஒழுங்கு பண்றது.

மோட்டாரையும் அப்படித்தான் வழிக்குக் கொண்டுவந்தாங்க. மார்க் 7ங்கிற நிறுவனம் மோட்டார் இயக்கத்தோட ஒரு டிஜிட்டல் கிளட்ச்சைச் சேர்த்துச்சு. வழக்கத்தைவிட அதிக பலம் தேவைப்பட்டா மோட்டார் தானா நின்னுடும். பழைய பிரைமர் நிஜமாவே விழுந்துச்சான்னு பார்க்க ஒரு சென்சார். மருந்தோட மட்டத்தைப் பார்க்க இன்னொண்ணு. யோசிச்சுப் பார்த்தா, கைக்குச் சும்மா தெரிஞ்ச ஒவ்வொண்ணையும் தனித்தனியா எழுதி, தனித்தனியா காசு கொடுத்துத் திரும்ப வாங்கியிருக்காங்க. கை பார்க்காத சிலதையும் சேர்த்து. அலுத்துப் போன கை எழுநூறாவது இழுப்புல கவனிக்காம விடலாம், சென்சாருக்கு அலுப்பு கிடையாது. அதே சமயம், சென்சாரை அணைச்சு வெச்சுட்டு ஓட்டினா யாரும் தடுக்க முடியாது.

அந்த மார்க் 7-ஐக் கடைசியில வாங்கினது யார் தெரியுமா? லைமன். பாக்குவெட்டி வித்த ஐடியலை 1925-ல வாங்கின அதே லைமன்.

கையா மோட்டாரான்னு கேட்டா எனக்கு இப்போ பதில் இல்ல. எங்க, யார் சொன்னா அது நிக்கும்ங்கிறதுதான் என்னோட கேள்வி. கராஜ்ல இருக்கிறவருக்கு நிறுத்தற உரிமை இருக்கு. காபி குடிச்சுட்டு வந்து திரும்ப ஆரம்பிக்கலாம். பிரவுன்ஸ் தீவுல அந்தச் சிறுமிகளுக்கு 'இந்த அறையில இந்த வேலை வேண்டாம்'னு சொல்ற உரிமை இல்ல.

எங்க வீட்டு மெஷின்ல மோட்டார் இன்னும் இருக்கு. ஊசி இப்போ உடையறதில்ல. ஜீன்ஸ் மடிப்பு மாதிரி தடிமனான இடம் வந்தா, அம்மா பெடல்ல இருந்து காலை எடுத்துடுவாங்க. பக்கத்துல இருக்கிற சக்கரத்தைக் கையால மெதுவா சுத்தி, அந்த நாலு தையலை மட்டும் போடுவாங்க. அப்புறம்தான் மறுபடி மோட்டார்.