அழித்தும் எஞ்சிய குறிப்புகள்: சையான் ஆர்கனைசர் கருவியில் குறிப்பெடுத்தலும் பார்த்தலும் (1984–1989)

ஆய்வுச்சுருக்கம்

பிரிட்டனின் சையான் நிறுவனம் 1984இல் வெளியிட்ட ஆர்கனைசர், கையடக்க மின்னணுக் குறிப்பேடுகளுள் முன்னோடியாகும். அதன் இரண்டாம் வடிவத்தில் (1986) குறிப்புகள் எழுதப்பட்ட, தேடப்பட்ட, அழிக்கப்பட்ட முறைகளை இக்கட்டுரை ஆராய்கிறது. பயனர் அழித்துவிட்டதாகக் கருதிய குறிப்பு நினைவகச் சில்லில் எஞ்சியிருந்தது. இதற்கான தொழில்நுட்பக் காரணத்தை விளக்கி, அக்கருவிகளை வரலாற்றுச் சான்றாகக் கையாள்வோர் எதிர்கொள்ளும் அறச்சிக்கலை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: சையான், ஆர்கனைசர், டேட்டாபேக், ஈப்ரோம், குறிப்பு, மின்னணு ஆவணம்

முன்னுரை

கையடக்க மின்னணுக் குறிப்பேடுகளின் வரலாறு பெரும்பாலும் 1993இல் வெளிவந்த ஆப்பிள் நியூட்டனிலிருந்தோ 1996இல் வெளிவந்த பாம் பைலட்டிலிருந்தோ தொடங்கி எழுதப்படுகிறது. கையெழுத்தை எந்திரம் அறிந்துகொள்ளுதலே அவ்வரலாறுகளில் முதன்மை பெறுகிறது. எழுதிய குறிப்பு எங்கே தங்கியது, எவ்வாறு மீண்டும் கண்முன் வந்தது, அழித்தபின் என்னவாயிற்று ஆகிய வினாக்கள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. இவ்வினாக்களுக்கு விடைகாண, தொடுதிரைக்கு முற்பட்ட ஆர்கனைசர் தக்க களமாக அமைகிறது.

கருவியும் காலமும்

டேவிட் பாட்டர் 1980இல் நிறுவிய சையான், தொடக்கத்தில் வீட்டுக் கணினிகளுக்கு மென்பொருள் உருவாக்கியது. 1984இல் வெளிவந்த முதல் ஆர்கனைசர் எட்டு பிட் செயலியையும் 16 எழுத்துகளை ஒரே வரியில் காட்டும் திரையையும் கொண்டிருந்தது. 1986இல் வந்த இரண்டாம் வடிவத்தில் திரை இரண்டு வரிகளாயிற்று. 1989இல் வெளிவந்த எல்இசட் வகை, வரிக்கு 20 எழுத்துகள் வீதம் நான்கு வரிகளைக் காட்டியது. தனிமனிதரின் சட்டைப்பையோடு இக்கருவியின் பயன்பாடு நின்றுவிடவில்லை. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளிலும், பிரிட்டனின் வேலைவாய்ப்புத் துறையில் உதவித்தொகைக் கணக்கீட்டிலும் அது பயன்பட்டது.

குறிப்பெடுத்தல்

இரண்டாம் வடிவத்தின் விசைப்பலகையில் 36 விசைகள் இருந்தன. எழுத்துகள் தட்டச்சுப்பொறி முறையில் அல்லாமல் அகரவரிசையில் அமைந்திருந்தன. பட்டியில் ‘சேவ்’ என்பதைத் தெரிவுசெய்து, பதிவைத் தட்டச்சிட்டு, ‘எக்ஸிக்யூட்’ விசையை அழுத்தினால் குறிப்பு சேமிக்கப்படும். ஒரு பதிவு 254 எழுத்துகளையும் 16 வரிகளையும் கடக்க இயலாது. பதிவின் நீளத்தைக் குறிக்க ஒரு பைட் மட்டுமே ஒதுக்கப்பட்டதால் இவ்வெழுத்து வரம்பு அமைந்தது. பெயர், முகவரி, தொலைபேசி எண், சிறு நினைவூட்டு ஆகியன இவ்வளவில் அடங்கின. நீண்ட உரைநடை அடங்கவில்லை. ஆகவே, இங்குக் ‘குறிப்பு’ என்பதன் இலக்கணத்தைப் பயனரின் தேவையோடு நினைவகத்தின் அமைப்பும் சேர்ந்தே வகுத்தது எனலாம்.

தேடலும் பார்த்தலும்

காகிதக் குறிப்பேட்டில் பக்கத்தைப் புரட்டும்போது தேடாத குறிப்பும் கண்ணில் படும். ஆர்கனைசரில் பக்கம் என்பதே இல்லை. பயனர் ‘ஃபைண்ட்’ என்பதைத் தெரிவுசெய்து நினைவிலுள்ள ஏதேனும் ஒரு சொல்லையோ சொல்லின் பகுதியையோ இடுவார். அத்தொடர் பதிவின் எவ்விடத்தில் இருந்தாலும் கருவி அப்பதிவைக் காட்டும். மீண்டும் விசையை அழுத்தினால், பொருந்தும் அடுத்த பதிவு வரும். தேடுசொல் எதுவும் இடாமல் விசையை அழுத்தினால் எல்லாப் பதிவுகளும் ஒவ்வொன்றாக வரும்.

இரண்டு வரித் திரையில் ஒரே நேரத்தில் 32 எழுத்துகளே தெரிந்தன. முழு நீளப் பதிவொன்றில் இது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. அம்புக்குறி விசைகளைக் கொண்டு வரிவரியாக நகர்ந்தே எஞ்சியதைப் படிக்க வேண்டும். எனவே, எழுதும்போதே பின்னர்த் தேடுவதற்குரிய சொல்லைக் குறிப்பினுள் இடுவது பயனுடையதாயிற்று. பொருளடக்கமும் பக்க எண்ணும் ஆற்றிய பணியை இங்குக் குறிப்பின் சொற்களே ஆற்றின.

திருத்தலும் அழித்தலும்

இக்கருவியில் குறிப்பைச் சேமிக்க இருவகை இடங்கள் இருந்தன. ஒன்று, ‘ஏ’ எனப்பட்ட உள் நினைவகம். மற்றது, ‘பி’, ‘சி’ எனும் இரு செருகிடங்களில் பொருத்தப்பட்ட டேட்டாபேக். உள் நினைவகத்தில் அழித்த பதிவின் இடம் மறுபயன்பாட்டிற்கு வந்தது; ஆனால் மின்கலம் இன்றி நெடுநேரம் இருப்பின் அனைத்தும் இழக்கப்படும். டேட்டாபேக்கினுள் இருந்த ஈப்ரோம் சில்லு, மின்சாரம் இன்றியும் எழுதியதைக் காத்தது.

ஈப்ரோமின் இயல்பு இங்குக் கருதத்தக்கது. வெற்றுச் சில்லின் எல்லாப் பிட்டுகளும் 1 என இருக்கும். எழுதுதல் என்பது சிலவற்றை 0 ஆக்குதல். அவற்றை மீண்டும் 1 ஆக்கச் சில்லு முழுவதையும் புறஊதாக் கதிரில் வைக்க வேண்டும். ஒரு பதிவை மட்டும் தனியே துடைக்க இயலாது. ஆகவே அழிக்கும் கட்டளை, பதிவின் வகையைக் குறிக்கும் பைட்டில் உள்ள முதல் பிட்டை மட்டும் 1இலிருந்து 0 ஆக மாற்றியது. அதன்பின் தேடலில் அப்பதிவு தோன்றாது. எனினும் அதன் எழுத்துகள் இருந்தபடியே இருக்கும். திருத்தமும் இவ்வாறே நிகழ்ந்தது: பழைய பதிவு அழிந்ததாகக் குறிக்கப்பட்டு, புதிய வடிவம் இறுதியில் சேர்க்கப்பட்டது. திருத்துந்தோறும் இடம் குறைந்தது. இடம் தீர்ந்தால், நடப்புப் பதிவுகளை வேறொரு டேட்டாபேக்கிற்குப் படியெடுத்து, பழையதைப் புறஊதாக் கதிரில் வைத்துத் துடைக்க நேர்ந்தது. ஒரே கட்டளை ஓரிடத்தில் நீக்கமாகவும் மற்றோரிடத்தில் மறைப்பாகவும் செயற்பட்டமை குறிப்பிடத்தக்கது.

சான்றாகக் கொள்வதில் எழும் சிக்கல்

துடைக்கப்படாத டேட்டாபேக் ஒன்று ஆய்வாளருக்கு இரண்டு வாசிப்புகளைத் தருகிறது. கருவியின் வழியே காண்பது, உரியவர் இறுதியாக வைத்துக்கொண்ட குறிப்புகள். சில்லை நேரடியாகப் படித்துக் காண்பது, அவர் கைவிட்டவற்றையும் உள்ளடக்கிய முழுத்தொகுப்பு. மாறிய முகவரியும் நீக்கப்பட்ட பெயரும் எழுதப்பட்ட வரிசையிலேயே அதில் கிடைக்கும். பதிவுகளில் தேதி முத்திரை இல்லாமையால் எது முந்தியது என்பதை அறியலாமேயன்றி எப்போது என்பதை அறிய இயலாது.

இரண்டாம் வாசிப்பு வளமானது. ஆயினும் அது உரியவர் அழிக்க விரும்பியதைப் படிப்பதாகும். காகிதத்தில் அடித்தெழுதியவர், அடியிலுள்ள சொல் தெரியும் என்பதை அறிவார். ஆர்கனைசரின் திரையோ பயனருக்கு அவ்வாறு எதனையும் காட்டவில்லை. எனவே, அடித்தலுக்குப் பொருந்தும் பதிப்பு மரபை இதற்கு அப்படியே பொருத்துதல் தகாது. நடப்புப் பதிவுகளையும் அழிந்ததாகக் குறிக்கப்பட்டவற்றையும் தனித்தனியே காத்து, பின்னவற்றை உரியவர் அல்லது வாரிசின் இசைவின்றித் திறவாமை தக்க நெறியாகும்.

முடிவுரை

ஈப்ரோமில் தேங்கிய மின்னூட்டம் ஆண்டுகள் செல்லச்செல்லக் கசியக்கூடியது. அதனால் 0 என எழுதப்பட்ட பிட் மீண்டும் 1 ஆகலாம். அழிவைக் குறிக்கும் அந்த ஒற்றைப் பிட்டுக்கே அவ்வாறு நேரின், மறைக்கப்பட்ட குறிப்பு தேடலில் மீண்டும் தோன்றுதல் கொள்கையளவில் இயலும். ஆதலால், திரையில் தோன்றும் பதிவு என்பதனால் மட்டுமே அது உரியவர் வைத்துக்கொண்டது என முடிவு செய்தல் ஆகாது. குறிப்பின் சொற்களோடு அது தங்கிய பொருளின் இயல்பையும் அறிந்த பின்னரே அதனைச் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.