மஞ்சள் ஒயரின் பூர்வீகம்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில் இருக்கிறது கணியம்பாடி. அங்கே ஆகட்டும், ஜவ்வாது மலை மேலே ஆகட்டும், பழைய டி.வி. ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று ஓட்டைகள் இருக்கும். முதல் இரண்டும் சத்தத்துக்கு. படம் மொத்தமும் வருவது அந்த ஒற்றை மஞ்சளில்தான். வெளிச்சமும் கலரும் ஒரே கம்பியில்! ஏன் இந்தக் கஞ்சத்தனம்?

பதில் அமெரிக்காவில். 1953-ல் அங்கே இப்போது நாம் சொல்லும் கலர் முறைக்கு அரசு ஒப்புதல் கொடுத்தபோது, வீடுகளில் ஏற்கெனவே கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் குவிந்திருந்தன. 'அதைத் தூக்கிப் போடு' என்றால் ஜனங்கள் சும்மா விடுவார்களா? ஆகவே பழைய சிக்னலுக்குள்ளேயே கலரையும் செருகிவிட்டார்கள். பழைய பெட்டி கலரைக் கண்டுகொள்ளாது. புதுப் பெட்டி பிரித்து எடுத்துக்கொள்ளும். சாமர்த்தியம்தான். ஆனால், சாம்பாரையும் ரசத்தையும் கலந்த பிறகு பிரிக்கச் சொன்னால்? பொடிக் கோடு போட்ட சட்டையைக் கலர் என்று நினைத்து, டி.வி. அதன்மேல் வானவில் விடும். எழுத்தின் ஓரத்தில் புள்ளிகள் எறும்பு மாதிரி ஊரும்.

ஜெர்மானியர் வால்டர் புரூக்கின் 'பால்' முறை 1967-ல் வந்தது. நிறம் தடுமாறுவது நின்றது, கலவை நிற்கவில்லை. 1975-ல் சென்னையில் கறுப்பு வெள்ளையாக ஆரம்பித்த தூர்தர்ஷன், 1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டை ஒட்டி நாடு கலருக்கு மாறியபோது வாங்கிக்கொண்டது இந்த 'பால்'தான்.

2006-ல் தமிழக அரசு இலவச கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்தது. 14 அங்குலத்தில் எறும்பாவது, வானவில்லாவது! குட்டித் திரை எல்லாக் குற்றத்தையும் மன்னித்துவிடும். அதே மஞ்சள் ஒயரை 40 அங்குல எல்.சி.டி.யில் சொருகியபோதுதான் குட்டு உடைந்தது.

கடைக்காரர் சொல்வார்: "டி.வி.யே ஹெச்.டி. ஆக்கிடும் சார்." காமர்ஸ் புத்தி கணக்குப் போடாமல் விடுமா? நம் சாதாரண சேனலில் 720-க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். முழு ஹெச்.டி. திரையில் 1920-க்கு 1080, அதாவது 20,73,600. சரியாக ஐந்து மடங்கு. ஐந்து புள்ளிகளில் நாலு, பக்கத்துப் புள்ளியைப் பார்த்து டி.வி. ஊகித்துப் போட்டது! கேமராவில் விழாத கம்மல் கல்லை எந்த டி.வி.யாலும் பதிக்க முடியாது. ஒயர் வழியே எறும்பும் சேர்ந்து வந்தால், அதையும்தான் பெரிதாக்கிக் காட்டும்.

வேடிக்கை என்னவென்றால், டிஜிட்டல் செட்டாப் பாக்ஸுக்குள் வெளிச்சமும் கலரும் தனித்தனியாகவே வந்து சேர்கின்றன. மஞ்சள் ஓட்டைக்காக அதைக் கலக்கி அனுப்புகிறது பாக்ஸ். மறுபடி பிரிக்க முட்டி மோதுகிறது டி.வி. பாக்ஸின் பின்னால் தட்டையாக ஹெச்.டி.எம்.ஐ. ஓட்டை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதில் மாட்டுங்கள். அதற்கும் தங்க முலாம் பூசிய விலை உயர்ந்த கேபிளை நீட்டுவார்கள். வீட்டுக்குள் இரண்டு மீட்டருக்குச் சாதாரண கேபிளே போதும். அதில் போவது வெறும் பூஜ்யமும் ஒன்றும்தானே!