கினபாத்தாங்கான் யானையின் பூர்வீகம்



சபா மாநிலத்தின் மிக நீண்ட நதி கினபாத்தாங்கான். ஏறத்தாழ 560 கிலோமீட்டர் ஓடிச் சூலு கடலில் கலக்கும் அந்நதியின் கரைகளில் போர்னியோ யானைகள் கூட்டங்கூட்டமாக உலவுகின்றன. அவற்றைக் காண்பதற்கென்றே சுக்காவு போன்ற சிற்றூர்களுக்கு வெளிநாட்டுப் பயணிகள் வருகின்றனர். இந்த யானைகளின் வரலாற்றில் நெடுங்காலமாக ஒரு வழக்கு இருந்து வந்தது. அவை இம்மண்ணுக்கு உரியவையா, வந்தேறிகளா என்பதே அவ்வழக்கு.

1750ஆம் ஆண்டளவில் கிழக்கிந்தியக் கம்பெனியார் சூலு சுல்தானுக்கு யானைகளைப் பரிசளித்தனர் என்றும், அவை பின்னர்ப் போர்னியோக் காட்டில் விடப்பட்டுப் பெருகின என்றும் ஒரு கதை வழங்கி வந்தது. தீவின் வடகிழக்குப் பகுதியில் மட்டுமே யானைகள் வாழ்வதும், பழங்கால யானைகளின் புதைபடிவங்கள் அங்கு மிக அரிதாக இருப்பதும் அக்கதைக்கு வலுவூட்டின. வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட விலங்குக்குத் தனிப் பாதுகாப்பு எதற்கு என்ற வினாவுக்கும் இதனால் இடமேற்பட்டது. காடுகள் செம்பனைத் தோட்டங்களாக மாறிய காலத்தில் அது வெறும் ஏட்டு வினாவன்று.

விடை யானையின் சாணத்தில் இருந்தது. சாணத்தோடு குடற்சுவரின் உயிரணுக்களும் வெளியேறுகின்றன. அவற்றிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து, ஆய்வுக்கூடத்தில் பன்மடங்கு பெருக்கிப் படிக்க இயலும். விலங்கைப் பிடிக்கவோ மயக்கவோ வேண்டியதில்லை. இவ்வழியில் இலங்கை அறிஞர் பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் அவர்தம் குழுவினரும் நடத்திய ஆய்வு 2003இல் வெளியாயிற்று. போர்னியோ யானைகள் ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிற ஆசிய யானைகளினின்றும் பிரிந்துவிட்டன என்று அவ்வாய்வு கூறிற்று.

வழக்கு அத்துடன் முடியவில்லை. அவை ஜாவாவில் அற்றுப்போன யானைகளின் வழித்தோன்றல்களாகச் சூலு வழியே வந்திருக்கலாம் என்று 2008இல் சில அறிஞர் எழுதினர். 2018இல் வெளியான மற்றோர் ஆய்வு, கடல்மட்டம் தாழ்ந்திருந்த 11,400 முதல் 18,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில் அவை நிலப்பாலம் கடந்து வந்திருக்கலாம் என்றது. ஜாவாக் கருத்தே உண்மையானாலும், அழிந்த ஓரினத்தின் கடைசி வாரிசுகள் இவையே ஆகும். எவ்வழியில் நோக்கினும் இவற்றை இழத்தல் ஈடுசெய்ய இயலாத இழப்பாகும்.

அறிவியல் சான்று தரலாம். காவல் தருவது சட்டமே. சபா அரசு 1997இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தின்கீழ் 2005இல் கீழ்க் கினபாத்தாங்கானில் ஏறத்தாழ 26,000 ஹெக்டர் நிலம் வனவிலங்குச் சரணாலயமாயிற்று. 2000இல் இயற்றப்பட்ட பல்லுயிர்ச் சட்டமோ, மாநிலத்தின் உயிர்வளங்களை ஆய்வுக்கு எடுப்போர் உரிமம் பெறவேண்டும் என விதித்தது. நதிக்கரை மக்களும் வாளாவிருக்கவில்லை. பத்து பூத்தே கிராமத்தில் ஒராங் சுங்கை மக்கள் 2003இல் கூட்டுறவுக் கழகம் அமைத்தனர். பயணிகளைத் தம் இல்லங்களில் தங்கவைத்து வருவாய் ஈட்டுவதோடு, அழிந்த காட்டில் மரங்களையும் நட்டு வருகின்றனர்.

ஆயினும் சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. 2013 சனவரியில் குனோங் ராரா காட்டில் 14 யானைகள் மாண்டு கிடந்தன. நஞ்சே காரணம் என ஐயுறப்பட்டது. சரணாலயமும் ஒரே பரப்பாக இல்லை. தோட்டங்களுக்கு இடையே துண்டு துண்டாகக் கிடக்கிறது. அத்துண்டுகளை இணைக்கும் யானைத்தடங்களே உயிர்நாடி. சுக்காவில் பாலம் கட்டும் திட்டம் அத்தடத்தைக் கெடுக்கும் என்று எதிர்ப்பு எழுந்தபின், 2017இல் அரசு அதனைக் கைவிட்டது. 2024இல் அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் போர்னியோ யானையை அருகிவரும் இனமாக அறிவித்தது. காட்டில் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 1,000 மட்டுமே.

வந்தேறி என்ற சொல்லின் சுமையை மலேசியத் தமிழராகிய நாம் நன்கறிவோம். ஓர் உயிர் எந்த ஆண்டில் வந்தது என்பதை மட்டும் வைத்து அதன் வாழ்வுரிமையை அளக்கலாகாது. தான் தின்ற கனிகளின் விதைகளைக் காடெங்கும் பரப்பி, அக்காட்டை வளர்த்துவரும் விலங்கு யானை. மண்ணோடு அதற்குள்ள உறவுக்கு அப்பணியைவிட வேறு சான்று வேண்டுமோ? நம் மாணவர்களுக்கு இவ்வரலாற்றைச் சொல்லி வைப்போம்.