ஐபிஎம்மைத் துரத்தினது யாரு?

போன வாரம் ஆபீஸ் கேன்டீன்ல ஒரு சீனியர், "ஐபிஎம்மையே துரத்திவிட்ட நாடுப்பா இது. ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் மட்டும் சும்மா இருந்திருந்தா நாம எங்கேயோ போயிருப்போம்"னு ஆரம்பிச்சார். நானும் ரொம்ப நாளா அப்படித்தான் நம்பிக்கிட்டு இருந்தேன். கொஞ்சம் தோண்டிப் பார்த்தா கதை வேற மாதிரி இருக்கு மக்களே.

முதல் விஷயம், அந்தச் சட்டம் ஃபெர்னாண்டஸ் போட்டது இல்லை. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், சுருக்கமா ஃபெரா, இந்திரா காந்தி ஆட்சியில் 1973-ல் வந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகள் இந்தியாவில் தங்கள் பங்கை 40 சதவீதமாகக் குறைக்கணும் என்பது பொதுவிதி. உயர் தொழில்நுட்பம், ஏற்றுமதின்னு சில விலக்குகளும் உண்டு. 1977-ல் ஜனதா அரசின் தொழில் அமைச்சரா வந்த ஃபெர்னாண்டஸ் அதை விடாப்பிடியா அமல்படுத்தினார்.

இரண்டாவது, எல்லாரும் ஓடிடலை. பிரிட்டிஷ் கம்பெனியான ஐசிஎல் பங்கைக் குறைச்சுக்கிட்டு இங்கேயே இருந்தது. பரோஸ் டாட்டாவோட கைகோத்தது. ஐபிஎம் மட்டும் முழு உரிமை இல்லாம நடத்த முடியாதுன்னு நின்னது. தொழிலை இரண்டாப் பிரிச்சு ஒரு பாதியில் மட்டும் இந்தியப் பங்கு தர்றோம்னு சொல்லிப் பார்த்தது. அரசு மசியலை. 1978-ல் மூட்டை கட்டிடுச்சு.

அப்போ இங்கே அவங்க வாடகைக்கு விட்டிருந்ததில் பல, 1959-ல் அறிமுகமான 1401 ரக மெஷின்கள். அதுவும் வெளிநாட்டில் உழைச்சு ஓய்ஞ்சதைப் புதுப்பிச்சுக் கொண்டு வந்தவை!

அந்த மெஷின்களைப் பராமரிக்கும் பொறுப்பு அரசு நிறுவனமான சிஎம்சிக்கு வந்தது. ஐபிஎம்மில் இருந்த இன்ஜினியர்கள் பலர் அங்கே சேர்ந்தாங்க. ஒரே கம்பெனி சரக்கைப் பார்த்துப் பழகினவங்க, பல கம்பெனி மெஷின்களையும் கழட்டி மாட்டக் கத்துக்கிட்டாங்க. எண்பதுகளில் டெல்லியில் ரயில் முன்பதிவைக் கம்ப்யூட்டருக்கு மாத்தினதும் இதே சிஎம்சிதான்.

அதுக்காகச் சட்டத்துக்கு மாலை போடவும் மனசு வரலை. லைசென்ஸ், இறக்குமதி வரின்னு கம்ப்யூட்டர் வாங்குறதே பெரும்பாடா இருந்த காலம் அது. 1984 கொள்கைக்கு அப்புறம்தான் கொஞ்சம் மூச்சு விட முடிஞ்சது. 'ஐபிஎம் போனதாலதான் ஹெச்சிஎல் பிறந்தது'ன்னு சொல்றதும் தப்பு. அது 1976-லேயே தொடங்கியாச்சு.

1992-ல் ஐபிஎம் திரும்பி வந்தது. எப்படி தெரியுமா? டாட்டாவைக் கூட்டாளியாச் சேர்த்துக்கிட்டு! 1977-ல் எதை முடியவே முடியாதுன்னு சொன்னாங்களோ, அதையே செஞ்சாங்க.

ஆக, துரத்தினதுங்கறது பாதி உண்மை. வாசலைக் குறுக்கினது அரசு, குனியாம வெளியே போனது ஐபிஎம். இதை அந்த சீனியர்கிட்ட சொல்லணும். அப்ரைசல் முடியட்டும் :-)